சகாதேவன் பேருக்கு ஒரு பாடு

எளாவூர்
9-6-1980

டேய் சகா,

நல்லா இருக்கியான்னு கேட்டு எழுதுனா பதில் போடமாட்ட, திட்டி எழுதுனாத்தான் போடுவ. அதனால திட்டிக்கினே ஆரம்பிக்கிறேன். சோம்பேறி. இங்க செக்போஸ்டுல நிக்கிற லாரிக்காரன்கூட நம்ம இட்லிக் கடையில துன்னுட்டு போய்ட்டு வரேன்க்கான்னு சொல்லிட்டுப் போறான். கூடப் பொறந்தவன், ஒரு கார்டு போடறதுக்கு உனக்குக் கை வலிக்குது.

சேதிக்கு வரேன். ஞாயித்துக்கிழம நைனா இங்க வந்தாரு. வெத்தல பாக்கு, பூவு, பழம் எல்லாம் வாங்கிக்கினு வந்து என் மாமியார் எதிர்ல ஒக்காந்து, "எங்க சகாதேவனுக்கு உங்க நாகம்மாளக் குடுங்க"ன்னு கேட்டுட்டாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நாகு உன் மாமாவோட தங்கச்சின்றதுக்காக சொல்லல, அந்த மாதிரி பொண்ணு நமக்குக் கெடைக்காது. வேலையில சுறுசுறுப்பு, வாயும் சுறுசுறுப்பு.

மாமியார் மொதல்ல மூஞ்சத் தூக்குச்சு. ஒத்தக் கால் பையனுக்கா, அதுவும் அந்த நோயி வந்தவனுக்கான்னு. நான் விடல. "காலோட சேத்து நோயையும் எடுத்துட்டாங்க அத்த, ரெண்டு வருஷம் ஆச்சு, இனிமே வராதுன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு"ன்னு சொன்னேன். அப்பவும் நம்பல. என் பாப்பாவத் தூக்கியாந்து, அது தலமேல கைய வெச்சு சத்தியம் பண்ணேன். அதுக்கப்பறந்தான் வெத்தலையத் தொட்டுச்சு.

நாகு இன்னா சொல்லுச்சு தெரியுமா? "ஒத்தக் காலுன்னா ஓடிப் போவமாட்டாரு இல்ல அண்ணி, நல்லதுதான்" அப்படின்னுச்சு. உனக்கு சரியான ஜோடி.

ஆவணியில கல்யாணத்த முடிச்சிட்டா, ஏரியில மொற வெச்சு வலை போடற பாட்டுக்கு சீட்டுப் போடும்போது உன் பேரும் சேந்துடும்னு நைனா சொல்றாரு. தாலி கட்டினவன் பேருதான் சீட்டுல வரும்ன்ற சட்டம் நம்ம குப்பத்துல மாறவா போவுது? நீயும் சின்னதுல இருந்தே கேட்டுக்கினு இருந்த, எனக்குன்னு ஒரு நாளு, எனக்குன்னு ஒரு தண்ணி, அன்னிக்கு அங்க வேற எவனும் வலை போடக் கூடாதுன்னு. இப்போ வருது பாரு.

உடனே பதில் போடு. சட்ட அளவும் எழுது.

இந்திராணி

•

கோட்டைக்குப்பம்
20-6-1980

அக்காவுக்கு,

மொதல் வரியில நலம்னு எழுதணும்னு எட்டாங் கிளாஸ் வாத்தியாரு அடிச்சு சொல்லிக் குடுத்தாரு. எழுதிட்டேன்.

பதில் போட நேரம் இல்லாததுக்குக் காரணம் கீது. நான் சைக்கிள் ஓட்டக் கத்துக்கினேன். சிரிக்காத. காஜா மைதீன் பாய் வாடகைக் கடையில ஒரு பழைய சைக்கிள் கீது, அதுல ஒரு பக்க பெடல்ல என் காலை ரப்பரு போட்டுக் கட்டிட்டாரு. ஏத்தி விட்டுட்டா போய்க்கினே இருப்பேன், நிறுத்தத்தான் தெரியாது. மொத நாளு மீன் ஏலம் போடற எடத்துல போயி விழுந்தேன். கூடைக்காரம்மாங்க எல்லாம் தூக்கி விட்டு, மீன் செதிலு ஒட்டுன கையாலயே மூஞ்ச தொடச்சு விட்டுச்சுங்க. ரெண்டாவது நாளு வேணும்னே விழுந்தேன்.

அப்பறம் சின்னப்பனோட டெய்லி ஏரியில நீச்சல். மாதா கோயில் தெரு சின்னப்பன்தான், என் ஜோடி. தண்ணியில அவனால என்ன ஜெயிக்க முடியல, ரெண்டு காலு வெச்சுக்கினு. டூரிங் கொட்டாயில படம் மாத்துனா மொத நாளே போயிடறோம். என் அக்குள் கட்டைய தரையில போட்டு எனக்கும் அவனுக்கும் எடம் புடிச்சிடுவேன். அதத் தாண்டி எவனும் வரமாட்டான்.

கல்யாணம்னு எழுதியிருந்த. இப்ப இன்னா அவசரம்? எனக்குப் பதினெட்டே இப்பத்தான் முடியுது. தைக்கு மேல பாத்துக்கலாம்னு சொல்லேன். போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிட்டு வந்தோம். கொஞ்சம் சளி, இருமலு, வேற ஒண்ணும் இல்ல.

உன் ஊரு தீமிதியில அந்தப் பொண்ணப் பாத்தா மாதிரி ஞாபகம். பச்சப் பாவாட, கூட்டத்துல எவனோ கால மிதிச்சிட்டான்னு அவன் மூணு தலைமுறையையும் திட்டிக்கினு இருந்துச்சு. அதுதானா? சும்மாதான் கேக்கறேன்.

சட்ட அளவு அனுப்பல. அளவு மாறிக்கினே கீது.

சகா

•

எளாவூர்
1-7-1980

சகாதேவனுக்கு,

தைக்கு மேலயா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?

இங்க கல்யாணத்துக்கு கோரப் பாயி வாங்கியாச்சு, முகூர்த்தப் பொடவைக்கு சொல்லியாச்சு, மாமியார் ஊரு பூரா சொல்லிட்டு வந்தாச்சு. உன் லெட்டரப் படிச்சுக் காட்டுன்னு மாமியார் கேட்டப்போ, தம்பிக்கு ரொம்ப சந்தோசம்னு எழுதியிருக்கான் அத்தன்னு நானா ஒண்ணக் கட்டி விட்டேன். எத்தன நாளைக்கு இப்படிக் கட்டி விடறது?

ஒளிக்காம சொல்லு. அங்க எவளையாவது பாத்து வெச்சிருக்கியா? சைக்கிள்ல விழுந்து விழுந்து எவ வீட்டு வாசல்ல போயி நிக்கிற? இல்ல நாகு கறுப்புன்னு யோசிக்கிறியா? நீ இன்னா ராஜாவா?

நைனாவ நெனச்சுப் பாரு. உனக்குக் கால் எடுத்தப்போ ஆஸ்பத்திரி வராந்தாவுல தரையில படுத்துக் கெடந்தாரு. அந்த மனுஷன் இப்ப ஒரே ஒரு ஆசையா வாயத் தொறந்து கேக்கறாரு. அதுக்கு நீ மொரண்டு பண்ற.

இந்தக் கல்யாணம் நின்னா எனக்கு இந்த வீட்டுல மரியாத போச்சு. பாப்பா தலமேல நான் பண்ண சத்தியம் சும்மா இல்ல. பச்சப் பாவாட அதுதான். நீ கேட்டேன்னு சொன்னேன், அன்னிக்கு பூரா ஒரு வார்த்த பேசல. அதோட வாயக் கட்டுன ஒரே ஆளு நீதான்.

சரின்னு ஒரே ஒரு கார்டு போடு. வேற எதுவும் எழுதாத.

இந்திராணி

•

கோட்டைக்குப்பம்
6-7-1980

அக்கா,

இத வாசல்ல நின்னுக்கினு படிக்காத. உள்ள போயி ஒக்காந்து படி. பாப்பா அழுதா அழட்டும்.

எனக்குத் திரும்ப வந்துடுச்சு. இப்ப நெஞ்சுல. ரெண்டு பக்கமும்.

மே மாசக் கடசியில ஆஸ்பத்திரிக்குப் போனப்போ நெஞ்ச படம் எடுத்தாங்க. நர்சு ஆரோக்கியமேரி, நான் போனாலே "வாடா கொக்கு"ன்னு கூப்புடுவாங்களே, அவங்க அன்னிக்கு என் மூஞ்சப் பாக்கவே இல்ல. டாக்டரு நைனாவ மட்டும் வெளிய கூட்டிக்கினு போனாரு. திரும்பி வரும்போது பொன்னேரியில பஸ் மாறணும் இல்ல, அங்க நைனா எனக்கு அல்வா வாங்கிக் குடுத்தாரு. அப்பறம் கலரு சோடா. அப்பறம் பூப்போட்ட சட்ட ஒண்ணு. நான் எதுவும் கேக்கல. கேட்டாலே வாங்கித் தராத மனுஷன் கேக்காமலே வாங்கித் தராரு. அப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. "எத்தன நாளு சொன்னாங்க நைனா?"ன்னு கேட்டேன். "மூடிக்கினு அல்வாவத் துன்னு"ன்னாரு. பஸ்ல வர்ற வழியெல்லாம் துண்ட மூஞ்சில போட்டுக்கினு வந்தாரு.

அவரு உங்கிட்ட வந்து பொண்ணு கேட்டது அதுக்கு அடுத்த வாரம். அம்மாவுக்கும் தெரியும். உனக்கு மட்டும் சொல்லல.

நைனா மேல கோவப்படாத. இல்ல, பட்டுக்கோ, எனக்கும் கோவம்தான். ஆனா அவரு நாகுவ ஏமாத்தணும்னு நெனைக்கல. அவருக்கு நாகு மூஞ்சே கண்ணுல படல, என் மூஞ்சி மட்டுந்தான் தெரிது. எம்புள்ள தாலி கட்டணும், சீட்டுல அவன் பேரு வரணும், ஒரு தடவையாவது அவன் பேர் சொல்லி அவன் பாட்டுல வலை போடணும். ஒண்ணுமே இல்லாதவனா அவன் போவக்கூடாது. அவ்ளோதான் அவரு மண்டையில கீது.

நான் யோக்கியன்னு நெனைக்காத. உன் மொத லெட்டரு வந்ததுல இருந்து தெனம் ராத்திரி சரின்னு சொல்லிடலாம்னுதான் படுத்தேன். எனக்கு ஆசையா கீது அக்கா. எல்லாத்துக்கும் ஆசையா கீது. பொண்டாட்டி வேணும், பாடு வேணும், சண்ட போட ஒரு ஆளு வேணும். அந்தப் பச்சப் பாவாட என்னத் திட்டணும். ஆனா நீ பாப்பா தலமேல கை வெச்சேன்னு எழுதின பாரு, அதுக்கு மேல எனக்கு சோறு எறங்கல. அடுத்த வருஷம் நாகு வெள்ளப் பொடவையில உன் வீட்டுலயே உன் எதிர்லயே திரியும். நான் போயிடுவேன். நீதான் டெய்லி பாக்கணும்.

உன் மாமியார்கிட்ட நீயே சொல்லிடு. நைனா சொல்ல மாட்டாரு.

சகா

•

எளாவூர்
24-7-1980

சகா,

எழுதறதுக்கு என்ன வார்த்த இருக்குது. பாவி. எல்லாரும் பாவிங்க. நைனா, அம்மா, அந்த டாக்டரு, நீ. என்ன முட்டாளாக்கி, எம்புள்ள தலமேல கை வெக்க விட்டீங்களே.

மாமியார்கிட்ட சொன்னேன். நீ எழுதினது வந்த அன்னிக்கு இல்ல. ரெண்டு நாளு சொல்லாம வெச்சிருந்தேன். அந்த ரெண்டு நாளும் என் மனசு எங்கெங்கயோ போச்சு, அத நான் எழுதமாட்டேன். மூணாவது நாளு பாப்பாவுக்கு ஜுரம் அடிச்சுது. பயந்து போயி சொல்லிட்டேன். ஜுரம் எறங்கிடுச்சு.

மாமியார் என்ன அடிக்கல. அடிச்சிருந்தா தேவல. "உன் அப்பன் வீட்டு வாசப்படிய இனிமே மிதிச்சா அங்கயே இருந்துக்கோ, இந்தப் பக்கம் வராத"ன்னு சொல்லிடுச்சு. உன் மாமா அதுக்குத் தலையாட்டிட்டு எழுந்து போயிட்டாரு.

நாகு இன்னா சொல்லுச்சுன்னு உனக்குத் தெரியணும்னு நெனைக்கிறேன். "நோயின்னு எங்கிட்ட சொல்லிட்டுக் கேட்டிருந்தா வேணும் வேணாம்னு நானே சொல்லியிருப்பேன். உங்க நைனா என்னக் கேக்கல, நீங்க கேக்கல, அவரும் கேக்கல. ஆளாளுக்கு முடிவு பண்ணிக்கினீங்க" அப்படின்னுச்சு. கல்யாணப் பாயச் சுருட்டி பரண் மேல போட்டுடுச்சு.

சகா, நான் கெஞ்சறேன். ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசி போட்டா நிக்கும்னு சொல்றாங்க இங்க. முடி கொட்டட்டும், வாந்தி வரட்டும், ஒரு வருஷம் படுத்துக் கெட. உயிரோட கெட. என்னால அங்க வந்து உன் கையப் புடிச்சு இழுத்துக்கினு போக முடியல. இந்தக் கடுதாசிதான் என் கை.

அக்கா

•

கோட்டைக்குப்பம்
10-8-1980

அக்கா,

போனேன். நீ சொன்னேன்னுதான் போனேன். ஊசி போட்டாங்க. உள்ள போட்டதெல்லாம் வெளிய வந்துச்சு, கொடலு மட்டுந்தான் பாக்கி. ஆரோக்கியமேரி சிஸ்டரக் கூப்புட்டு, "உண்மையச் சொல்லுங்க, இதப் போட்டா நான் பொழைப்பேனா?"ன்னு கேட்டேன். "கொஞ்சம் நாளு கூடும்டா"ன்னாங்க. அந்த நாளெல்லாம் எங்க இருப்பேன்னு கேட்டேன். அவங்க கட்டிலத் தட்டிக் காட்டுனாங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன், என் வயசுதான், ஆறு மாசமா சொவத்தப் பாத்துக்கினு படுத்திருக்கான்.

நான் எழுந்து வந்துட்டேன். திட்டணும்னா திட்டு. அந்த சொவத்த எனக்குப் பிடிக்கல. எனக்கு ஏரி வேணும்.

இங்க வந்தா அன்னிக்கே ஒரு சாவு. பெரிய தெரு முனிரத்தினம், உனக்குத் தெரியும், எங்கூட கில்லி ஆடுவான். முகத்துவாரத்துல அலை பொரட்டி, தலையில படகு அடிச்சு செத்துட்டான். குப்பத்துல சாவுன்னா எவனும் தண்ணியில எறங்கக் கூடாதுல்ல, எல்லாப் படகும் வரிசையா கரையில கட்டிக் கெடந்துச்சு. அன்னிக்குப் பாடு வீராசாமி மாமாவோடது. பாவம், அவரு எழவு வீட்டு வாசல்ல ஒக்காந்துக்கினு, "இவன் நாளைக்கு செத்திருக்கக் கூடாதா"ன்னு வாய்க்குள்ளயே சொன்னது எனக்குக் கேட்டுச்சு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. இருமற மாதிரி பண்ணி சமாளிச்சேன். இப்ப அது எனக்கு சுலபம்.

எடுக்கறதுக்கு முன்னாடி அவனுக்குக் கல்யாணம் பண்ணாங்க. கல்யாணம் ஆவாம செத்தவன் இல்ல, அதனால ஒரு வாழக்கன்னு கொண்டாந்து பக்கத்துல நிக்க வெச்சு, அவன் கையில மஞ்சக் கயிறக் குடுத்து, அந்தக் கைய இவங்க புடிச்சு அதுக்குத் தாலி கட்ட வெச்சாங்க. அப்பறம் வாழைய வெட்டிப் போட்டாங்க. பாத்துக்கினே இருந்தேன். செத்த கையி மஞ்சக் கயித்தப் புடிக்க மாட்டேன்னுது. நழுவி நழுவி விழுது.

வீட்டுக்கு வந்து நைனாகிட்ட சொன்னேன். "எனக்கும் எப்பிடியும் இதத்தான பண்ணப் போறீங்க. இப்பவே பண்ணிடு நைனா. என் கையி நல்லா புடிக்கும். கல்யாண சாப்பாடாவது நான் துன்னலாம்." பளார்னு ஒண்ணு விட்டாரு. கால் எடுத்ததுல இருந்து என் மேல அவரு கை வெச்சதே இல்ல. அப்பறம் என்னக் கட்டிப் புடிச்சுக்கினு அழுதாரு.

நான் வெளையாட்டுக்கு சொல்லல அக்கா. வாழைக்குத் தாலி கட்டிட்டா நானும் தாலி கட்டினவன்தான. சீட்டுல பேரு கேக்கப் போறேன்.

சகா

•

எளாவூர்
16-8-1980

சகா,

செருப்பால அடிப்பேன்.

அது பொணத்துக்குப் பண்றது. உயிரோட நிக்கிறவனுக்கு எவனாவது பண்ணுவானா? நீயே கூப்புட்டுக்கினு வர்றியா அத? அம்மா எப்பிடி சம்மதிக்கும்? வாழைக்குத் தாலி கட்டிட்டு வந்தவன் மூஞ்சில அப்பறம் எவன் முழிப்பான்? ஊரே சிரிக்கும். உனக்கு எல்லாமே வெளையாட்டு. ஆஸ்பத்திரி வேணாம், அக்கா பேச்சு வேணாம், சைக்கிள் வேணும், சினிமா வேணும், இப்ப பொணக் கல்யாணம் வேணும்.

பண்ணாத. நான் சொல்றேன், பண்ணாத. ஒரு வேள நீ பொழச்சுக்கினா? டாக்டருங்க சொல்றது தப்பாப் போனது இல்லியா? அப்ப அந்த வாழ உனக்கு மொத தாரமா?

எனக்கு வேற என்ன எழுதறதுன்னு தெரியல. நாகு என் தோளு மேல எட்டி இதப் படிச்சிடுச்சு. படிச்சிட்டு சிரிச்சுது. அப்பறம் கொல்லைக்குப் போயி ரொம்ப நேரம் வரல.

இந்திராணி

•

கோட்டைக்குப்பம்
5-9-1980

அக்கா,

கல்யாணம் முடிஞ்சிடுச்சு. நீ வரல, அதனால எழுதறேன்.

பூப்போட்ட சட்டையப் போட்டுக்கினேன். கெணத்தடியில நம்ம வீட்டு வாழ கீதுல்ல, அதுக்கே கட்டினேன். வேற ஒண்ண வெட்டி எடுத்தாரேன்னு நைனா சொன்னாரு, வேருல இல்லாதத நான் கட்டமாட்டேன்னுட்டேன். மேளம் இல்ல. சின்னப்பன் தகர டின்னு ஒண்ண எடுத்து அடிச்சான். அம்மா அதுக்கு மொத நாளு பூரா மூஞ்சக் காட்டல. தாலி கட்டற நேரத்துக்கு வந்து, "இருடா"ன்னு சொல்லிட்டு, வாழத் தண்டுக்கு மஞ்ச பூசி, குங்குமம் வெச்சு, பூ சுத்திட்டு நகந்து நின்னுச்சு. மூணு முடிச்சும் நானே போட்டேன். முடிச்சு போடற அக்கா நீ இல்லியே.

முடிஞ்சதும் வழக்கப்படி வெட்டணும்னு சித்தப்பா கத்தியோட வந்தாரு. அம்மா குறுக்க போயி நின்னுடுச்சு. "எம்புள்ள உயிரோட இருக்கும்போது எம்மருமவள எவன்டா வெட்றது?" கேட்ட கேள்வியில சித்தப்பா கத்தியக் கீழ போட்டுட்டாரு.

சாயங்காலம் நாட்டாரு கூட்டுன பஞ்சாயத்து. கட்டைய ஊனிக்கினு நடுவுல போயி நின்னேன். சீட்டுல என் பேரு சேக்கணும்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. வீராசாமி மாமா, "அப்ப எம்புள்ளையும் ஒரு மரத்துக்குக் கட்டிட்டு வந்து பாடு கேப்பான், குப்பத்துல வாழ பத்தாது"ன்னாரு. நான் சொன்னேன், "முனிரத்தினத்துக்கு நீங்கதான மாமா கையப் புடிச்சுக் கட்ட வெச்சீங்க? அப்ப அது கல்யாணம்னு சொன்னீங்க. கல்யாணம் ஆனவனா அவன அனுப்பி வெச்சோம்னு சொன்னீங்க. செத்தவனுக்குக் கல்யாணம், உயிரோட இருக்கிறவனுக்கு மட்டும் வெளையாட்டா?"

சிரிப்பு நின்னு போச்சு. எல்லாருக்கும் என் சமாச்சாரம் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாங்க, அவ்ளோதான்.

நாட்டாரு சீட்டு நோட்ட எடுத்தாரச் சொன்னாரு. அப்பறம், "இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் சேத்துக்கலாம். அடுத்த வருஷம் இதக் காட்டிக் கேக்கக் கூடாது"ன்னாரு. "அடுத்த வருஷத்த நான் கேக்கலியே"ன்னேன். நைனா எழுந்து வெளிய போயிட்டாரு.

பொரட்டாசில சீட்டு. நீ சிரிச்சாலும் சரி, அழுதாலும் சரி. நாகு சிரிச்சுதுன்னு எழுதினியே, அந்த வரிய மட்டும் பாத்துக்கினே கீறேன்.

சகா

•

கோட்டைக்குப்பம்
20-11-1980

அக்கா,

நீ பதில் போடல. போடாட்டாலும் நான் எழுதுவேன், ஏன்னா இதச் சொல்ல எனக்கு வேற ஆளு இல்ல.

நேத்து என் பாடு.

சீட்டுல எனக்கு நல்ல தண்ணி விழல. வடக்கால, சேறு கெட்டியா இருக்கிற பக்கம். முத்துன வழுக்கத் தலையனெல்லாம் நல்ல எடத்த எடுத்துக்கினானுங்க, எனக்கு விழுந்தது அதான். பரவால்ல. விடியறதுக்கு முன்னாடி நைனா, சித்தப்பா, நானு. கரையில நின்னு நாட்டாரு ஆளு கூப்புட்டான், "இன்னிக்கு சகாதேவன் பாடு"ன்னு. அத்தனை பேரு முன்னாடி. நைனாவோட மவன் பாடுன்னு இல்ல. சகாதேவன் பாடு.

நைனாவும் சித்தப்பாவும் எறங்கி வலைய சுத்திக் கட்டுனாங்க. நான் படகுல ஒக்காந்து கழி போட்டேன். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுல ஏதோ கிழியற மாதிரி இருந்துச்சு. நைனா அந்தப் பக்கம் திரும்பின நேரமா பாத்து தண்ணியில துப்பினேன், ரத்தம்தான். ஏரி யாருகிட்டயும் போயி சொல்லாது. வலைய இழுக்கும்போது மட்டும், "நான் எறங்கறேன் நைனா"ன்னேன். வேணாம்னு சொல்லப் போனவரு, என் மூஞ்சப் பாத்துட்டு தோளக் குடுத்தாரு. இடுப்பளவு தண்ணி, ஒத்தக் காலு சேத்துல பொதஞ்சு நிக்கிது, ஒரு பக்கம் நைனா தோளு, கையில என் வலை. உள்ள எறா துள்ளுறது கயித்து வழியா கைக்கு வருது பாரு, அத எழுதத் தெரியல எனக்கு.

பெரிசா ஒண்ணும் இல்ல. பாதி பொடி எறா, கொஞ்சம் மடவை மீனு, தண்ணிப் பாம்பு ஒண்ணு. சித்தப்பா ஒதட்டப் பிதுக்குனாரு. எனக்கு அது போதும். எறாவ அம்மா உப்புப் போட்டுக் காய வெக்குது. கண்டக்டர் கையில குடுத்து அனுப்பறேன். அது என் பங்கு. வேற யாரு காசும் அதுல இல்ல. உன் மாமியாருக்கும் போடு.

படகுல இருந்து என்ன நைனா முதுகுல தூக்கிக்கினு வந்தாரு. அதுல இருந்து எழுந்திருக்க முடியல. பரவால்ல.

வாழ நல்லா கீது. அம்மா தண்ணி ஊத்தும்போதெல்லாம் "குடிடீ"ன்னு சொல்லிட்டு ஊத்துது.

சகா

•

எளாவூர்
2-12-1980

சகா, என் கண்ணு,

எறா வந்துச்சு.

இத்தன நாளா நான் எழுதாம இருந்தது கோவத்துல இல்ல. முதல்ல கோவம்தான். அப்பறம் பயம். நான் எழுதி, அதுக்கு உன் கையெழுத்து இல்லாம வேற எவன் கையெழுத்தாவது வந்துட்டா என்ன பண்றதுன்னு பயம். எழுதாம இருந்தா நீ பதிலுக்காகக் காத்துக்கினு இருப்ப, அதனால இருப்பன்னு ஒரு கிறுக்குத்தனமான நெனப்பு.

எறாவக் கத்திரிக்கா போட்டுக் கொழம்பு வெச்சேன். மாமியார் ஒண்ணும் கேக்காம துன்னுச்சு. ரெண்டாந்தரம் போடச் சொல்லிக் கேட்டுட்டு, "எங்க வாங்குன?"ன்னுச்சு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நாகு சொல்லிடுச்சு, "வாங்கல. அவரு பாட்டுல புடிச்சது"ன்னு. மாமியார் கை தட்டுலயே நின்னு போச்சு. நான் தட்டு பறக்கும்னு பாத்தேன். பறக்கல. மீதியையும் துன்னுட்டு, கை கழுவிட்டு வந்து, "அந்தப் பையன் நம்மள ஏமாத்தியிருக்கலாம், ஏமாத்தல"ன்னு சொல்லுச்சு. வேற ஒண்ணும் சொல்லல. போய்ட்டு வான்னும் சொல்லல.

நான் கேக்கவும் போறதில்ல. அடுத்த வாரம் வெள்ளிக்கிழம மொத பஸ்ஸுல வரேன். திரும்பி வந்தா கதவு தொறக்குமோ தொறக்காதோ, அத அப்ப பாத்துக்கறேன். பாப்பாவ நாகு பாத்துக்கும். அதுவே சொல்லுச்சு. இன்னொண்ணும் சொல்லுச்சு, "அந்த வாழைகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க" அப்படின்னு. என்ன வாய் பாரு அதுக்கு.

நான் வர்ற வரைக்கும் இருடா. உன் கால்ல விழறேன். அந்த ஒரு கால்ல.

அக்கா

•

கோட்டைக்குப்பம்
6-12-1980

அக்கா,

எழுத்து கோணலா இருந்தா திட்டாத. ஒக்காந்தாலும் மூச்சு வரல, படுத்தாலும் வரல. அம்மா முதுகுக்கு வலை மூட்டைய அண்டக் குடுத்திருக்குது, அதுல சாஞ்சா கொஞ்சம் வருது. மீன் நாத்தம் அடிக்குதுன்னு துணி போத்தப் பாத்துச்சு, வேணாம்னுட்டேன்.

நீ வரேன்னு எழுதினத நைனா மூணு தடவ படிக்கச் சொன்னாரு. உன் எதிர்ல எப்பிடி நிக்கிறதுன்னு அவருக்குப் பயம். அவரத் திட்டாத. திட்டணும்னா எனக்கு அப்பறம் திட்டு, இப்ப வேணாம்.

நாகு கேட்டதச் சொல்லிட்டேன், வாழைகிட்ட. என்னத் தூக்கிக்கினு போயி கெணத்தடியில விடச் சொல்லி சின்னப்பன்கிட்ட கேட்டு, நானே சொன்னேன். பக்கத்துல ஒரு கன்னு விட்டிருக்குது. அத நீ போவும்போது பேத்து எடுத்துக்கினு போ. பயப்படாத, தாலி கட்டினது தாய்க்குத்தான், கன்னுக்கு இல்ல. நாகு கொல்லையில வெக்கட்டும். வேணும்னா. கேட்டுட்டு வை. இந்தத் தடவையாவது அதக் கேட்டுட்டு செய்யுங்க.

எனக்கு பயமா கீது அக்கா. பகல்ல இல்ல. சின்னப்பன் வந்து சினிமாக் கதை சொல்லும்போது இல்ல. மத்த நேரத்துல. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.

வெள்ளிக்கிழம யாரு பாடுன்னு நைனாவக் கேட்டேன். வீராசாமி மாமாவோடதாம். போன தடவ முனிரத்தினத்தால ஒரு பாடு போச்சு அவருக்கு. நானும் கெடுத்தா என்ன சும்மா விடமாட்டாரு. பாக்கலாம், அவருக்காகவாவது அன்னிக்கு இழுத்துப் புடிக்கிறேன்.

அதுக்கு முன்னாடியே ஆச்சுன்னா சின்னப்பன் ஓடி வந்து உங்கிட்ட சொல்லிடுவான். அவன் வரல, நீ பஸ் ஏறிட்டன்னா, இதக் கேட்டுக்கோ. சன்னல் பக்கமா ஒக்காரு. பஸ்ஸு ஊருக்குள்ள திரும்பறதுக்கு முன்னாடி ஏரி தெரியும். நம்ம குப்பத்துப் படகுங்க தண்ணியில இருந்துச்சுன்னா, எறங்கினதும் எங்கயும் நிக்காத, யாரு கூப்புட்டாலும் திரும்பாத, ஓடி வா.

எல்லாப் படகும் கரையில கட்டிக் கெடந்துச்சுன்னா அவசரம் இல்ல. காஜா மைதீன் பாய் சைக்கிள் கடைக்குப் பக்கத்துல டீக்கடை கீது. பசியோட வந்திருப்ப. ஒரு டீ குடிச்சிட்டு மெதுவா வா.

சகா